சம்பளச் சீட்டை எழுதுவது யார்?

அம்பத்தூர் எஸ்டேட்டிலே சில காலமாக ஒரு புதிய சொல் உலவி வருகிறது. "மைக்ரேஷன்" என்பது அந்தச் சொல். ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஷிப்டுக்கு வருகிற தோழர்கள் பஸ்ஸிலே அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். "எங்கள் ஆபீசிலே பழைய கம்ப்யூட்டர் புரோகிராமை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்களாம்" என்கிறார் ஒருவர். "போடட்டுமே, அதனாலே நமக்கென்ன?" என்கிறார் மற்றொருவர்.

நமக்கென்ன என்ற அந்தக் கேள்விக்குத்தான் இன்று விடை கூற விரும்புகிறோம். எந்தப் புரோகிராமை மாற்றுகிறார்கள்? நாம் எத்தனை நாள் வேலைக்கு வந்தோம், எத்தனை மணி நேரம் ஓ.டி. பார்த்தோம், பிராவிடண்ட் பண்டுக்கு எவ்வளவு பிடித்தம், ஈ.எஸ்.ஐ.க்கு எவ்வளவு, வாங்கிய அட்வான்ஸில் எவ்வளவு கழிந்தது, போனஸ் எவ்வளவு என்று மாதந்தோறும் கணக்குப் போட்டுச் சம்பளச் சீட்டு அடிக்கிறதே, அந்தப் புரோகிராமை! நம் மடியிலே கை வைக்கிற காரியம், நமக்குத் தெரியாமல் நடக்கலாமா?

கிண்டியிலே 1958-ம் ஆண்டிலும், அம்பத்தூரிலே 1960-களிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. ஆவடியிலே 1961-ம் ஆண்டில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அந்நாளிலே சம்பளக் கணக்கு பேரேட்டிலே எழுதப்பட்டது. குமாஸ்தா தவறு செய்தால் தொழிலாளி நேரே போய், "சார், 14-ந் தேதி நான் இரவு ஷிப்ட் பார்த்தேனே, அது எங்கே?" என்று வரியின் மேல் விரலை வைத்துக் காட்டலாம். குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே சிவப்பு மையால் திருத்துவார். எழுதினவர் யார், எழுதியது என்ன என்பது இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தன.

1990-களில் பேரேடு கம்ப்யூட்டருக்குள் போயிற்று. பாக்ஸ்புரோ என்றும், விஷுவல் பேசிக் என்றும் சில மொழிகள் பரவின. அவற்றில் விஷுவல் பேசிக்கின் ஆறாவது பதிப்பு, மைக்ரோசாப்ட் கம்பெனி 1998-ம் ஆண்டில் வெளியிட்டது. எளிய மொழி. திரையிலே கட்டங்களை வரைந்து, பொத்தான்களை வைத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் நாலு வரி எழுதினால் போதும், புரோகிராம் தயார். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த ஓர் இளைஞர், முதலாளிக்குத் தெரிந்தவர், சில ஆயிரம் ரூபாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். பெரிய கம்பெனிகளின் விலை உயர்ந்த சரக்கை வாங்க வசதியில்லாத சிறு ஆலைகளுக்கெல்லாம் இந்த இளைஞர்கள்தாம் கை கொடுத்தார்கள். அவர்கள் எழுதிய புரோகிராம்கள் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தன. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளிய சீட்டுகளை வாங்கித்தான் இங்கே எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. அந்த வேலையை நாம் குறைத்துப் பேசவில்லை. நன்றியோடுதான் பேசுகிறோம்.

ஆனால் மொழியின் உடைமையாளர் யார்? எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி! 2002-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் "டாட் நெட்" என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பெயர் மட்டும் பழைய பெயர், மொழி வேறு. பழைய புரோகிராமை அப்படியே தூக்கி அதிலே வைக்க முடியாது. 2005-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதியோடு பழைய விஷுவல் பேசிக்குக்கான முதல்கட்ட ஆதரவு நின்றது. கைவிடாதீர்கள் என்று அந்த ஆண்டிலே புரோகிராம் எழுதுகிறவர்கள் பலர் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். கம்பெனி இணங்கவில்லை. 2008-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதியோடு மிச்ச ஆதரவும் போயிற்று. பாக்ஸ்புரோவுக்கும் அதே கதிதான். 2007-ம் ஆண்டில், இனிப் புதிய பதிப்பு இல்லை என்றார்கள், 2015-ம் ஆண்டு ஜனவரியில் கதவை அடைத்தார்கள். ஒருமுறை கட்டி முடித்த பழைய புரோகிராம் விண்டோசிலே இன்றும் ஓடுகிறது என்பது உண்மை. அதைத் திருத்துகிற உளிக்குத்தான் இப்போது பட்டறை இல்லை!

அப்படியானால் மாற்றத்தை எதிர்க்கிறோமா? இல்லை. பழைய கம்ப்யூட்டரைக் கட்டி மாரடிப்பதிலே தொழிலாளிக்கு என்ன லாபம்? 2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி "வான்னாக்ரை" என்ற நச்சுப் புரோகிராம் உலகமெங்கும் பரவி, கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கு மாற்று மருந்து இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலே, வெளிவந்திருந்தது. போட்டுக்கொள்ளாத இயந்திரங்கள் அகப்பட்டுக்கொண்டன. பிரிட்டனில் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அவ்வளவு தூரம் போவானேன்? பூந்தமல்லியைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருக்கிற ஒரகடத்திலே, ரெனோ-நிசான் கார் ஆலையின் வேலையும் பாதிக்கப்பட்டதாக அன்று செய்தி வந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே மாற்றத்தான் வேண்டும். எப்படி மாற்றுவது, யார் முன்னிலையில் மாற்றுவது என்பதே நம் கேள்வி.

பழைய புரோகிராமின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். இது ஏதோ படித்தவர்களின் விஷயம் என்று தோழர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். லேத்திலே மைக்ரோமீட்டர் வைத்து நூலிழை பார்க்கிறவர்களுக்கு இது விளங்காத கணக்கல்ல.

பழைய விஷுவல் பேசிக்கிலே ஒரு கட்டளை உண்டு. "பிழை நேர்ந்தால் நிற்காதே, அடுத்த வரிக்குப் போ" என்பது அதன் பொருள். அவசரத்தில் எழுதினவர்கள் இதைத் தாராளமாகப் போட்டு வைத்தார்கள். திரையிலே பிழைச் செய்தி வந்து முதலாளி போன் செய்யாமல் இருக்கவேண்டுமே! இதன் விளைவைப் பாருங்கள். முப்பது பேருக்கு வரிசையாக ஓ.டி. கணக்குப் போடுகிறது புரோகிராம். பன்னிரண்டாவது ஆளின் மணி நேரம் தவறாகப் பதிவாகியிருக்கிறது. கணக்கு முறிகிறது. ஆனால் "அடுத்த வரிக்குப் போ" என்று கட்டளை இருக்கிறதே! போய்விடுகிறது. பன்னிரண்டாவது ஆளுக்கு எழுதவேண்டிய இடத்திலே பதினோராவது ஆளின் தொகை அப்படியே தங்கிவிடலாம். ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குக் குறையும், ஒருவருக்கும் தெரியாது. புதிய மொழிகள் இப்படிப் பேசாமல் போவதில்லை. நின்று கூச்சல் போடும். நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் மாற்றி எழுதுகிறவர் அந்தக் கூச்சலை விசாரிக்க நேரமில்லாமல் அதன் வாயைக் கட்டிவிட்டால், பழைய பிழை புது வேஷம் போட்டு நடமாடும்!

இன்னொன்று, காசு கணக்கு. பிராவிடண்ட் பண்டு விதிப்படி 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய்; குறைந்தால் தள்ளுபடி. சம்பளம் 13,037 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவிகிதம் 1,564 ரூபாய் 50 காசு. விதி சொல்லுவது 1,565. ஆனால் விஷுவல் பேசிக்கின் சொந்த "ரவுண்ட்" முறை என்ன செய்யும் தெரியுமா? சரிபாதி வந்தால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாயும். 1,564 என்று சொல்லும்! விவரம் தெரிந்த பழைய புரோகிராமர் அந்த முறையை ஒதுக்கிவிட்டுத் தாமே ஒரு வரி எழுதியிருப்பார். ஈ.எஸ்.ஐ.க்கோ வழி வேறு. அங்கே எவ்வளவு சில்லறை இருந்தாலும் அடுத்த ரூபாய்தான். 16,010 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவிகிதம், 120 ரூபாயும் ஏழரைக் காசும் வரும், கட்ட வேண்டியது 121. "இதென்ன, இரண்டு இடத்திலே இரண்டு விதமாக எழுதியிருக்கிறான்?" என்று, மாற்ற வருகிறவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடும். ஒரு ரூபாய்தானே என்பீர்கள். ஒரு ரூபாய், ஒரு மாதம், ஒரு ஆள் என்றால் பரவாயில்லை. ஆண்டுக்கணக்கிலே ஓர் ஆலை முழுவதற்கும் போட்டுப் பாருங்கள்!

பெயர் விஷயம் தனி வேதனை. நம் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. புதிய புரோகிராம்களோ "முதற்பெயர்", "கடைப்பெயர்" என்று இரண்டு கட்டம் வைத்துக்கொண்டு இரண்டையும் நிரப்பு என்கின்றன. இந்தக் கட்டத்தை நம்மவர் யார் கேட்டார்கள்? இனிஷியல் இங்கே ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம் என்றாகி, பண்டுப் பணத்தை எடுக்கப் போகிற அன்று மனு திரும்பி வருகிறது. தமிழிலே பெயர் அடித்த சீட்டுகளின் நிலை இன்னும் மோசம். பழைய விஷுவல் பேசிக்கின் கட்டங்கள் யூனிகோடு எழுத்தைக் காட்டத் தெரியாதவை. ஆகவே ஆளுக்கொரு எழுத்துருவை வைத்து ஒப்பேற்றினார்கள். 1999-ம் ஆண்டுச் சென்னை மாநாட்டுக்குப் பின் "டாப்", "டாம்" என்ற குறியீடுகள் வந்தன. 2010-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. பழைய எழுத்தை முறையாகப் பெயர்க்காவிட்டால் முனுசாமி என்ற பெயர் யாருக்கும் புரியாத கிறுக்கலாகிவிடும்.

ஆண்டு கணக்கும் உண்டு. பழைய விண்டோஸ் இயந்திரங்கள் இரண்டு இலக்கத்தில் 29 என்று எழுதினால் 2029 என்று கொள்ளும். 30 என்று எழுதினால் 1930 என்று கொள்ளும். 2031-ம் ஆண்டு ஓய்வு பெறவேண்டிய தோழர், புரோகிராமின் கணக்கிலே நூறாண்டு முன்பே ஓய்வு பெற்றவராகி நிற்பார்! சிரிப்பாக இருக்கிறது, கிராஜுவிடி கணக்கிலே வந்தால் சிரிப்பு வராது.

இவையெல்லாம் கூட இயந்திரத்தின் சேட்டைகள். இவற்றைவிடப் பெரியது ஒன்றிருக்கிறது. ஒவ்வொரு 12(3) ஒப்பந்தமும் அந்தப் புரோகிராமிலே ஒரு வரியாகப் போயிருக்கிறது. இரவு ஷிப்ட் படி, உலைக்கு முன் நிற்பவருக்குத் தனிப்படி, சீருடை வெளுக்கிற படி — வாசலிலே நின்று, கூட்டம் போட்டு, பேசி வாங்கியவை. ஒப்பந்தக் காகிதம் ஒன்று சங்கத்தின் பீரோவிலே இருக்கும். மற்றொன்று ஆலையிலே எங்கோ இருக்கும். மாதந்தோறும் அதை நிறைவேற்றி வருவது புரோகிராமின் அந்த ஒரு வரிதான். மாற்றி எழுத வருகிற இளைஞருக்கு அது அர்த்தமில்லாத வரியாகத் தோன்றும். இன்று வேறு, செயற்கை நுண்ணறிவு ஒரே இரவில் எல்லாவற்றையும் பெயர்த்துக் கொடுத்துவிடும் என்று விற்பனைக்காரர்கள் வருகிறார்கள். வரியைப் பெயர்க்கும், சரி. அந்த வரி ஏன் அங்கே வந்தது என்று அதற்கு யார் சொல்லுவது?

அந்த இளைஞரை நாம் குறை கூறவில்லை. ஆலை இருந்த மனைகள் சிலவற்றிலே இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே இரவு பகல் பாராமல் உட்கார்ந்திருப்பவரும் தொழிலாளிதான். கெடு வைப்பவர் அவர் அல்லர்.

கற்பனையாக அச்சுறுத்துகிறோம் என்று யாரேனும் சொன்னால், கனடாவைப் பார்க்கட்டும். அந்நாட்டுச் சர்க்கார் நாற்பதாண்டுப் பழைய சம்பள ஏற்பாட்டை எடுத்துவிட்டு, 2016-ம் ஆண்டு பிப்ரவரியில் "பீனிக்ஸ்" என்ற புதிய ஏற்பாட்டைத் தொடங்கியது. 2 லட்சத்து 90 ஆயிரம் ஊழியர்களுக்கு அதிலேதான் சம்பளம். ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்றார்கள். எதை வைத்து மிச்சம்? சம்பளக் கணக்குத் தெரிந்த சுமார் 1,200 பேருடைய இடங்களை ஒழித்துவிட்டு, மிராமிச்சி என்ற ஊரிலே சுமார் 550 பேரை உட்கார வைத்தார்கள். மாற்றித் தருகிற ஐ.பி.எம். கம்பெனி 27 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என்றபோது, கையில் இருப்பது 15 கோடியே 50 லட்சம்தான் என்றார்கள். தொகைக்குத் தக்கபடி வேலையை வெட்டினார்கள். புரோகிராம் செய்யவேண்டிய 984 காரியங்களிலே நூற்றுக்கு மேல் ஒதுக்கப்பட்டன. ஒரே ஓர் இலாகாவில் முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருந்த சோதனையையும் கைவிட்டார்கள். 80,000-க்கு மேற்பட்ட சம்பள விதிகள் உள்ள இடத்திலே!

என்ன நடந்தது? பாதிப்பேருக்கு மேல் சம்பளத்திலே தவறு. சிலருக்குக் குறைவு, சிலருக்கு அதிகம், சிலருக்கு மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை. 2017-ம் ஆண்டு ஜூன் மாத நிலவரப்படி, ஊழியருக்குத் தரவேண்டியதும் அவர்களிடமிருந்து திரும்ப வாங்கவேண்டியதுமாகச் சேர்த்து 52 கோடி டாலர் தீராமல் நின்றது. 2018-ம் ஆண்டில் அந்நாட்டுத் தணிக்கை அதிகாரி சர்க்கார் நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தார். ஆஸ்திரேலியாவிலே குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2010-ம் ஆண்டு ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு இதே கதி. நர்சுகள் சம்பளமின்றித் திண்டாடினார்கள். விசாரணைக் கமிஷன் வரை போயிற்று. அவை பணக்கார நாடுகள். பலமான சங்கங்கள் உள்ள நாடுகள். அம்பத்தூரிலே நாற்பது பேர் வேலை செய்கிற பட்டறைக்குத் தணிக்கை அதிகாரி யார் வருவார்?

இப்போது நேரமும் சாதாரண நேரமல்ல. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவற்றிலே "ஊதியம்" என்ற சொல்லுக்கே புதிய இலக்கணம். விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மேற்பட்ட தொகையும் ஊதியமாகவே கொள்ளப்படும். தொகுப்புகளின் மற்ற குணாகுணங்களை வேறொரு நாள் பேசுவோம். சட்டமும் மாறுகிறது, புரோகிராமும் மாறுகிறது, இரண்டும் ஒரே சமயத்தில்! சீட்டிலே ஒரு தொகை குறைந்தால், "சட்டம் அப்படி" என்று சொல்லவும் வசதி, "கம்ப்யூட்டர் அப்படி" என்று சொல்லவும் வசதி.

ஆகவே சங்கங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். பழையதும் புதியதும் குறைந்தது மூன்று மாதம் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும். இரண்டு சீட்டும் தொழிலாளி கைக்கு வரட்டும். காசு வித்தியாசம் இருந்தாலும் காரணம் எழுதிக் கொடுக்கப்படட்டும். சம்பள விதிகள் தமிழிலே எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டப்படட்டும். கணக்கு எழுதிப் பழகிய குமாஸ்தாவை, புது புரோகிராம் வந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பழைய கணக்கின் காரண காரியம் அவர் தலையிலேதான் இருக்கிறது. கனடா அதைத்தான் தொலைத்தது.

இது புதுமையான கோரிக்கையா? வங்கி ஊழியர் சங்கங்கள் 1983-ம் ஆண்டிலேயே, இயந்திரம் எங்கே வரலாம், எந்த அளவு வரலாம் என்று இந்திய வங்கிகள் சங்கத்தோடு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 1987-லும் மீண்டும் செய்தன. கம்ப்யூட்டர் வந்தது, ஊழியர் கையெழுத்தோடு வந்தது. சம்பளமும் படிகளும் மாறுமானால் முன்னறிவிப்புத் தர வேண்டுமென்பதும் 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவிலேயே இருந்தது. 2020-ம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பின் 40-வது பிரிவிலும் இருக்கிறது. கணக்கு முறை மாறி நம் கைக்கு வருவது மாறினால் அது நிர்வாகத்தின் உள்விவகாரம் அல்ல.

முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலரிடம் மூல நிரல், அதாவது புரோகிராமர் தம் கையால் எழுதிய வரிகள், இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஓடுகிற கோப்பு மட்டும் இருக்கும். எழுதியவர் எங்கேயோ போயிருப்பார். எழுதியதும் அவரோடு போயிருக்கும். இந்தத் தடவையாவது மூல நிரலை எழுத்து மூலம் உரிமையாக்கி வாங்கி வையுங்கள். 2007-ம் ஆண்டு வாக்கிலே எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை லினக்சுக்கு மாற்றியதே, அதன் உட்பொருளும் இதுதான்: உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கிற உரிமை நம்மிடம் இருக்கவேண்டும்.

மூல நிரல் இல்லாத ஆலையிலே புரோகிராமை மாற்றுகிறவர் வேறு எப்படிக் கணக்கைக் கண்டுபிடிப்பார்? பழைய சம்பளச் சீட்டுகளை வைத்துத்தான். இன்ன மாதம் இத்தனை மணி ஓ.டி.க்கு இவ்வளவு வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சி நம் வீட்டிலே, பரணிலே, தகரப்பெட்டியிலே கிடக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் மை ஆண்டு செல்லச் செல்ல மங்கிவருகிறது. இனியும் தாமதிக்க வேண்டாம். ஓ.டி. பார்த்த மாதம் ஒன்று, லீவு போட்ட மாதம் ஒன்று, அட்வான்ஸ் பிடித்த மாதம் ஒன்று, போனஸ் வந்த மாதம் ஒன்று என்று நான்கு சீட்டுகளையாவது தோழர்கள் தேடி எடுத்து, பிரதி எடுத்துக்கொண்டு, இந்த வாரக் கூட்டத்திற்கு வரும்போது சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.